அட்லாண்டிக் கரையில் பழைய துறைமுகம் என்றால் எனக்கு காதிஸ்தான்

“அட்லாண்டிக் கரையிலுள்ள பழைய துறைமுக நகரம் ஏதாவது ஒன்றின் வரலாறும் குணமும் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள். லிஸ்பனைப் பற்றிப் பலரும் எழுதுவார்கள். நான் ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில் இருக்கும் காதிஸைப் பற்றிச் சொல்கிறேன். கப்பலில் எஞ்சின் வேலை பார்த்த காலத்தில் எங்கள் கப்பலை அங்கே டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறையில், ஏற்றியிருந்தார்கள். மாலையில் ஷிஃப்ட் முடிந்ததும் ஊருக்குள் போய்விடுவேன். அப்படி நடந்தே பழகிய ஊர்.

முதலில் அதன் தரை அமைப்பு தெரிய வேண்டும். பழைய ஊர் முழுக்க ஒரு பாறைத் திட்டின்மேல் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த அட்லாண்டிக், மறுபக்கம் விரிகுடா, நிலத்தோடு சேர்ப்பது ஒல்லியான மணல்திட்டு ஒன்றுதான். ஆறு கிடையாது, வயல் கிடையாது, குடிதண்ணீர்கூடக் கிடையாது. பெரிய வீடுகளின் முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி கட்டி, மொட்டைமாடியில் விழும் தண்ணீரை அதில் இறக்கித்தான் குடித்தார்கள். சுவர்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சிப்பியும் சங்கும் கலந்து இறுகிய கடற்கரைக் கல்லில் கட்டியிருக்கிறார்கள். விரலால் தடவினால் சிப்பி ஓடுகள் முழுசாகத் தட்டுப்படும். மண் கொடுக்காததையெல்லாம் கடலிலிருந்தே வாங்கிக்கொண்ட ஊர் இது. அதன் வரலாறு முழுக்க இந்த ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் போகிறது.

எவ்வளவு பழையது? கி.மு. 1104-இல் பினீசியர்கள் (இன்றைய லெபனான் கரையிலிருந்து வந்த கடல் வணிகர்கள்) நிறுவினார்கள் என்பது ரோமானிய எழுத்தாளர்கள் வழி வந்த கணக்கு. தோண்டிப் பார்த்ததில் கிடைத்தவை கி.மு. 9-ஆம் நூற்றாண்டு வரை போகின்றன. ஒரு பொம்மலாட்ட அரங்குக்கு அடியில் பினீசியத் தெருவையும் வீடுகளையும் அப்படியே காட்டுகிறார்கள். அப்போது இங்கே இருந்தவை தனித்தனித் தீவுகள். நடுவே ஓடிய கடற்கால் பிற்பாடு தூர்ந்துபோனது. இன்று ஆட்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள்.

அருங்காட்சியகத்தில் இரண்டு பினீசியக் கல் சவப்பெட்டிகள் இருக்கின்றன. மூடியில் ஆள் உருவம் செதுக்கியவை. ஆண் உருவம் உள்ளது 1887-இல் கிடைத்தது. இதற்கு ஜோடியாக ஒரு பெண் உருவமும் எங்கோ இருக்க வேண்டும் என்று நம்பி, பெலாயோ கின்தேரோ என்ற தொல்லியலாளர் வருஷக்கணக்காகத் தேடினார். கிடைக்காமலேயே 1946-இல் இறந்துபோனார். 1980-இல் அது அகப்பட்டது, அவருடைய வீடு இருந்த மனையில்! இரண்டும் இப்போது பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெண்ணின் கைவிரல்களையும் சுருள் முடியையும் பார்த்துவிட்டு என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

ரோமர் காலத்துக்குப் பிறகு பல நூற்றாண்டுகள் ஊர் சுருங்கிக் கிடந்தது. அமெரிக்கக் கடல்வழி திறந்ததும் மறுபடி எழுந்தது. கொலம்பஸின் இரண்டாவது பயணம் 1493-இல் இங்கிருந்துதான் கிளம்பியது. பணம் வந்தால் பகையும் வருமே. 1587-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பிரான்சிஸ் டிரேக் துறைமுகத்துக்குள் புகுந்து கப்பல்களை எரித்தார். 1596-இல் ஆங்கிலேய-டச்சுப் படை ஊரையே கொள்ளையடித்துக் கொளுத்திவிட்டுப் போனது. இவ்வளவு பழைய ஊரில் இடைக்காலக் கட்டடங்கள் குறைவாக இருப்பதற்கு அந்தத் தீ ஒரு பெரிய காரணம்.

அப்புறம் வந்தது பொற்காலம். அமெரிக்க வாணிபத்தைக் கட்டியாண்ட அலுவலகம் அதுவரை ஆற்றங்கரை நகரமான செவிய்யாவில் (செவில்) இருந்தது. ஆற்றில் மணல் சேர்ந்து பெரிய கப்பல்கள் அங்கே ஏற முடியாமல் போகவே, 1717-இல் அதை காதிஸுக்கு மாற்றினார்கள். வெள்ளி, கொக்கோ, புகையிலை எல்லாம் இங்கே வந்து இறங்கின. ஜெனோவாக்காரர்கள், ஐரிஷ்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள் என்று வணிகர்கள் குடியேறினார்கள். அவர்கள் கட்டிய வீடுகள்தான் இன்றைய பழைய ஊர். கீழ்த்தளம் கிடங்கு, அதற்கு மேல் கணக்குப்பிள்ளைகளின் அலுவலகம், அதற்கும் மேல் குடும்பம், உச்சியில் வேலைக்காரர்கள். எல்லாவற்றுக்கும் மேலே மொட்டைமாடியில் ஒரு கோபுரம்.

அந்தக் கோபுரங்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம் தீராது. வணிகர் தொலைநோக்கியோடு அதில் ஏறி நிற்பார். தன் கப்பல் வருகிறதா என்பது அடுத்த வீட்டுக்காரருக்கு முன்னால் தனக்குத் தெரிய வேண்டும். கப்பல் முழுகிவிட்டதா, சரக்கு வந்துவிட்டதா, கடன்காரருக்கு என்ன பதில் சொல்வது, எல்லாமே அந்தத் தகவலைப் பொறுத்தது. 120-க்கும் மேற்பட்ட கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. தெருவில் நடக்கும்போது இவை கண்ணில் படாது, சந்துகள் அவ்வளவு குறுகல். ஊரிலேயே உயரமான தாவீரா கோபுரத்தில் ஏறிப் பார்க்க வேண்டும். 1778-இல் துறைமுகத்தின் அதிகாரபூர்வக் காவற்கோபுரமாக இதைத்தான் ஆக்கினார்கள். கப்பல் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: கரையில் இருப்பவர்கள் இப்படிக் காத்திருந்ததைக் கல்லிலேயே கட்டிவைத்த இன்னொரு ஊரை நான் பார்த்ததில்லை.

இந்தச் செல்வத்தில் அடிமை வியாபாரத்துக்கும் பங்குண்டு. ஆப்பிரிக்கர்களை அமெரிக்கக் காலனிகளுக்கு விற்கும் நிறுவனம் ஒன்று 1765 முதல் காதிஸ் வணிகர்கள் கையில் இருந்தது. அழகான முற்றங்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வழிகாட்டிகள் பலரும் இதைத் தொடாமல் போய்விடுகிறார்கள்.

1755 நவம்பர் 1-ஆம் தேதி லிஸ்பனை அழித்த நிலநடுக்கம் இங்கே சுனாமியாக வந்தது. ஊரைவிட்டு அந்த மணல்திட்டு வழியாக ஓடியவர்களைத்தான் அலை கொண்டுபோனது. மதிலுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். மீனவர்கள் வாழும் லா வீன்யா பகுதியில், மாதாவின் கொடியைக் காட்டியதும் தண்ணீர் நின்றது என்று இன்றும் சொல்வார்கள். ஒவ்வொரு நவம்பர் 1-ஆம் தேதியும் அங்கே ஊர்வலம் உண்டு.

வரலாற்றில் இந்த ஊரின் பெரிய நேரம் 1810 முதல் 1812 வரை. நெப்போலியனின் படை ஸ்பெயினின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது, ஆனால் காதிஸைப் பிடிக்க முடியவில்லை. நிலத்தில் முற்றுகை, ஆனால் கடல் திறந்திருந்தது. கப்பலில் சாப்பாடும் வந்தது, செய்தியும் வந்தது. விரிகுடாவின் அக்கரையிலிருந்து சுட்ட குண்டுகள் ஊர்வரை எட்ட வேண்டுமே என்று பிரெஞ்சுக்காரர்கள் வெடிமருந்தைக் குறைத்து ஈயத்தை நிரப்பினார்கள். அதனால் பல குண்டுகள் வெடிக்கவே இல்லை. அந்த ஈயத்தை எடுத்து எங்கள் ஊர்ப் பெண்கள் முடியைச் சுருட்டிக்கொள்கிறார்கள் என்று ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள்.

அந்த முற்றுகைக்குள் உட்கார்ந்துதான் ஸ்பெயினின் பிரதிநிதிகளும் அமெரிக்கக் காலனிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்து அரசியலமைப்பு எழுதினார்கள். சான் ஃபெலீப்பே நேரி என்ற நீள்வட்ட வடிவத் தேவாலயத்தில் விவாதம் நடந்தது. 1812 மார்ச் 19-ஆம் தேதி அதை அறிவித்தார்கள். இறையாண்மை மன்னருக்கு இல்லை, தேசத்துக்கே என்று அது சொன்னது. அச்சுச் சுதந்திரம் கொடுத்தது. அதே சட்டம் அடிமை முறையை ஒழிக்கவில்லை, ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குச் சாதாரணமாகக் குடியுரிமையும் தரவில்லை. கீட்டோவை (இன்றைய எக்வடோரின் தலைநகர்) சேர்ந்த ஹொசே மெஹீயா லெகெரிகா போன்றவர்கள் அந்தச் சபையில் சமத்துவம் பேசினார்கள். அவர் 1813-இல் இதே ஊரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். கப்பல் வெள்ளியை மட்டுமா கொண்டுவரும், காய்ச்சலையும் கொண்டுவரும். நெப்போலியனின் பிடியிலிருந்து 1814-இல் திரும்பி வந்த மன்னர் ஏழாம் ஃபெர்னாந்தோ அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்.

அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். வாணிப ஏகபோகம் 1778-இலேயே போய்விட்டது, பின்னால் காலனிகளும் போயின. பெரிய தேவாலயத்தைப் பாருங்கள்: 1722-இல் தொடங்கியது, 1838-இல்தான் முடிந்தது. கீழே நல்ல கல், மேலே போகப்போக மலிவான கல். உப்புக்காற்றில் அந்தக் கல் உதிர்கிறது, தலையில் விழாமலிருக்க உள்ளே வலை கட்டியிருக்கிறார்கள். ஊர் பணக்காரனாக இருந்து நொடித்த கதையை அந்த ஒரே சுவரில் படித்துவிடலாம். இந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் மனுவெல் தெ ஃபாயாவின் கல்லறை அதன் நிலவறையில்தான் இருக்கிறது.

இப்போது இங்கே வேலையில்லாத் திண்டாட்டம் அதிகம். கப்பல் கட்டும் தளத்தில் முன்பிருந்த அளவு வேலை இல்லை. 1980-களில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இன்று சுமார் 1,10,000. புதிதாகக் கட்ட இடமில்லை, இளைஞர்கள் வெளியே போகிறார்கள்.

குணம் என்று கேட்டீர்களே, அதைக் காண கார்னிவல் சமயத்தில் போக வேண்டும். வேறு ஊர்களில் அலங்காரம்தான் முக்கியம், இங்கே வார்த்தைதான் முக்கியம். சிரிகோத்தா என்று சிறு குழுக்கள். ஒரே மாதிரி வேடம், கிட்டார், பெரிய மேளம், நாணல் குழல். அந்த வருஷத்து அரசியல், மேயர், மந்திரி, அரச குடும்பம், யாரையும் விடாமல் புதுப் பாட்டு கட்டுவார்கள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து ஃபாயா அரங்கில் போட்டி நடக்கும். போட்டியில் சேராதவர்கள் தெருமுனையில் நின்று பாடுவார்கள், எனக்கு அவர்கள்தான் இன்னும் பிடிக்கும். உள்நாட்டுப் போரில் பிற்பாடு சர்வாதிகாரியான ஃப்ராங்கோவின் தரப்பு 1937-இல் கார்னிவலைத் தடை செய்தது. 1977-இல் பழையபடி பிப்ரவரி மாதத்துக்கே திரும்பி வந்தது. வெடிக்காத குண்டைப் பார்த்துச் சிரித்த அதே ஊர்தான் இது.

போவதாக இருந்தால் செவிய்யாவிலிருந்து ரயில் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கினால் பழைய ஊர் அங்கேயே தொடங்கிவிடும், வண்டி தேவையில்லை. கிழக்கிலிருந்து லெவாந்தே காற்று அடிக்கும் நாளில் கடற்கரைப் பக்கம் போக வேண்டாம், மணல் முகத்தில் அறையும். அன்றைக்கு அருங்காட்சியகமும் தாவீரா கோபுரமும் பாருங்கள். சந்து முனைகளில் பழைய பீரங்கிகளைச் செங்குத்தாக நட்டிருப்பதையும் கவனியுங்கள், வண்டிச் சக்கரம் சுவரை உரசாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. சாயங்காலம் லா வீன்யாவில் தொர்த்தியீத்தா கேளுங்கள். பொடி இறாலை ஓட்டோடு கடலைமாவிலும் கோதுமைமாவிலும் கரைத்து மெல்லிசாகப் பொரித்துத் தருவார்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் நமுத்துப்போகும்.