பழைய எஸ்டேட் காரை டிக்கியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

கேள்வி: எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, கடைக்குட்டி இன்னும் தள்ளுவண்டியில். போதாததற்கு ஒரு நாய். இப்போதிருக்கும் சின்ன ஹேட்ச்பேக்கில் வெளியூர் போனால் யாராவது ஒருவர் மடியில் பையோடு உட்கார வேண்டியிருக்கிறது. புதிய கார் வாங்க வசதியில்லை. பார்ப்பவர்கள் எல்லோரும் பழைய எஸ்யூவி வாங்கச் சொல்கிறார்கள். கணவர் மட்டும் எஸ்டேட் கார்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: கணவர் சொல்வது சரி. ஆனால் அவர் காரைப் பார்க்கப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எஸ்டேட் என்பது தனி வகை வண்டியே அல்ல. தெரிந்த ஹேட்ச்பேக் அல்லது செடான்தான். கூரையைப் பின்னால் வரை இழுத்து, நிமிர்ந்த கதவு ஒன்றைப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களில் பெரும்பாலானவை அந்தச் சாதாரணக் காருடையவையே என்பதால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டாம், மெக்கானிக்குக்கும் பழகிய வண்டி. கிடைக்கும் இடம் மட்டும் வேறு. ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஹேட்ச்பேக்கின் டிக்கி 380 லிட்டர். அதே காரின் எஸ்டேட்டில் 605 லிட்டர். பல எஸ்யூவிகளில் அவ்வளவு கிடையாது. வெளியிலிருந்து பெரிதாகத் தெரிவது உயரமும் சக்கரமும்தான். எஸ்டேட்டின் டிக்கித் தரை தாழ்வாக இருப்பதால் தள்ளுவண்டியை இடுப்புக்கு மேல் தூக்க வேண்டாம், வயதான நாயும் தானே ஏறிக்கொள்ளும். எஸ்யூவி மோகத்தால் ஒரே வயதுள்ள எஸ்டேட் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும். ஊரார் ரசனையால் உங்களுக்கு லாபம்.

விளம்பரங்களில் தேடும்போது 'எஸ்டேட்' என்று மட்டும் தேடாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: ஸ்கோடாவில் கோம்பி, ஃபோக்ஸ்வாகனில் வேரியன்ட், ஆடியில் அவான்ட், பிஎம்டபிள்யூவில் டூரிங், டொயோட்டாவில் டூரிங் ஸ்போர்ட்ஸ், பெஷோவில் எஸ்டபிள்யூ. அமெரிக்கர்களுக்கு இது ஸ்டேஷன் வேகன், ரயில் நிலையத்திலிருந்து ஆளையும் பெட்டியையும் ஏற்றி வந்த வண்டி.

இப்போது அந்த வேலை. உங்களுக்கு டிக்கியைவிடப் பெரிய சிக்கல் பின் இருக்கைதான். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலான எஸ்டேட்களில் பின்னால் இரண்டு ஓரங்களில் மட்டுமே உண்டு. நடு இடம் குறுகலாகவும் மேடாகவும் இருக்கும். இரண்டு பெரிய இருக்கைகளைப் பூட்டிய பிறகு நடுவில் பூஸ்டர் (உயரம் கூட்டும் மணை) வைத்து உட்காரும் பிள்ளை, தன் பெல்ட்டின் கொக்கியைக் கைவிட்டுத் தேட முடியாமல் தவிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே மூன்று இருக்கைகளையும் தள்ளுவண்டியையும் எடுத்துக்கொண்டே கார் பார்க்கப் போங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் மாட்டிப் பாருங்கள். மூன்றும் சேரவில்லையா, எஸ்டேட் ஆசையை விட்டுவிட்டு பின்னால் மூன்று தனித்தனி இருக்கைகள் உள்ள எம்பிவியை, அதாவது வேன் போன்ற குடும்பக் காரைப் பாருங்கள். கணவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு கார்களுக்கும் டிக்கி அளவு ஏறத்தாழ ஒன்றுதான் என்று போட்டிருக்கிறது. நேரில் பார்த்தால் ஒன்று பாதிதான் தெரிகிறது. எப்படி?

பதில்: லிட்டரை நம்பி யாரும் கார் வாங்கக் கூடாது. விடிஏ என்ற ஜெர்மன் வாகனத் துறை அளவு முறையில் 200×100×50 மில்லிமீட்டர், அதாவது ஒரு லிட்டர் அளவுள்ள கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். சிறு கட்டை எந்த மூலைக்குள்ளும் நுழையும், உங்கள் பெட்டி நுழையாது. தரைக்கு அடியிலுள்ள ரகசிய அறையையும் சிலர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். டிக்கியை மூடும் திரை வரை அளந்தார்களா, கூரை வரை அளந்தார்களா என்பதைப் பொறுத்தும் எண் மாறும். ஒரு அளவுநாடா போதும்: சக்கர மேடுகளுக்கு நடுவே அகலம், கதவுத் திறப்பின் உயரம், இருக்கையை மடித்தால் தரை சமமாகிறதா, பின் கண்ணாடி எவ்வளவு சரிந்திருக்கிறது. அழகாகச் சரிந்த கண்ணாடி பெட்டிக்கு எதிரி.

கேள்வி: பட்ஜெட்டுக்குள் ஸ்கோடா ஆக்டேவியா, டொயோட்டா ஆரிஸ் ஹைப்ரிட், ஃபோர்டு ஃபோகஸ், பழைய வோல்வோ வி70, இன்னும் பழைய மெர்சிடிஸ் இ-கிளாஸ் எல்லாமே வருகின்றன. ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓட்டுவீர்கள் என்றால் ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ். 2013இல் வந்தது, 530 லிட்டர் டிக்கி. அதில் கெட்டுப்போக வேண்டிய சில பொருட்களே கிடையாது: தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, வழக்கமான கிளட்ச் இல்லை, டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். குடும்பக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஹைப்ரிட் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கையருகே உள்ள துவாரம் வழியாகத்தான் போகிறது. நாய் முடியும் பிஸ்கட் தூளும் அதை அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். முந்தைய ஓனர் அங்கே பெட்டியைச் சார்த்தி வைத்திருந்தாரா, வடிகட்டியைச் சுத்தம் செய்தாரா என்று கேளுங்கள். 2019இல் வந்த கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ் விலைக்குள் வந்தால் இன்னும் நல்லது, 1.8 எஞ்சினில் 596 லிட்டர்.

இடமே முக்கியம் என்றால் மூன்றாம் தலைமுறை ஆக்டேவியா கோம்பி. 610 லிட்டர், இருக்கையை மடித்தால் 1,740. நடுத்தர விலையில் இதைவிடப் புத்திசாலித்தனமான பெட்டி எனக்குத் தெரியாது. ஆனால் மேனுவல் கியர் என்றால் நிம்மதி. ஆட்டோமேட்டிக் என்றால் எந்த டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி) என்று கேட்க வேண்டும். சின்ன எஞ்சின்களோடு வரும் ஏழு கியர் உலர் கிளட்ச் வகைதான் (டிக்யூ200) பெயரைக் கெடுத்துக்கொண்டது. நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறுகையில் அதிர்ந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். ஆறு கியர் எண்ணெய்க் கிளட்ச் வகை உறுதியானது. அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றியிருக்க வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் ஓட்ட சுகமான கார். அதில் 1.0 ஈகோபூஸ்ட் எஞ்சினைப் பார்த்தால் மட்டும் நிதானியுங்கள். பல ஆண்டுகள் அதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே சுழன்றது. பெல்ட் உதிர்ந்தால் துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும், ஆயில் அழுத்தம் விழும், பிறகு எஞ்சின். பெஷோ, சித்ரோயன் கார்களின் 1.2 ப்யூர்டெக் எஞ்சினிலும் இதே கதை. சரியான ஆயிலை நேரத்துக்கு மாற்றிய ரசீதுகளும் பெல்ட் மாற்றிய ரசீதும் இருந்தால் பேசலாம்.

வோல்வோ வி70 மனதுக்குப் பிடித்த கார். சிலவற்றின் டிக்கியில் பின்னோக்கிப் பார்த்து உட்காரும் இரண்டு குழந்தை இருக்கைகள்கூட உண்டு, பிள்ளைகளுக்கு அது திருவிழா. வயதாகிவிட்டது என்பதுதான் குறை. இ-கிளாஸ் எஸ்டேட்டின் பின்பக்கம் காற்று சஸ்பென்ஷனில் நிற்கிறது. காலையில் போய்ப் பாருங்கள். இரவில் நின்ற வண்டி பின்னால் உட்கார்ந்திருந்தால் காற்று கசிகிறது. மலிவாக வாங்கிய ஆடம்பரக் காருக்கும் ரிப்பேர் பில் மட்டும் புதுக் கார் விலையில்தான் வரும்.

கேள்வி: நேரில் பார்க்கும்போது எஸ்டேட்டுக்கென்று தனியாக என்ன பார்க்க வேண்டும்?

பதில்: எல்லோரும் பானெட்டைத் திறப்பார்கள். நீங்கள் டிக்கியிலிருந்து தொடங்குங்கள். வண்டி எப்படி வாழ்ந்தது என்பது அங்கேதான் எழுதியிருக்கும். பம்பரின் மேல்விளிம்பில் ஆழமான கீறல்கள், பக்கப் பலகைகளில் உடைசல், கூரைத்துணியில் அழுக்கு இருந்தால், காரில் குடும்பம் போகவில்லை, சரக்கு போயிருக்கிறது. டோபார் (டிரெய்லர் இழுக்கும் கொக்கி) மாட்டியிருந்தால் எதை இழுத்தார், எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். கழற்றியிருந்தால் அடியில் துளைகள் தெரியும். கனமான டிரெய்லர் இழுத்த காரில் முதலில் பழுதாவது கிளட்ச்.

அடுத்து டிக்கித் தரையைத் தூக்குங்கள். ஸ்டெப்னி குழியில் கையை விட்டுத் தடவுங்கள். ஈரம், துரு, பூஞ்சை வாடை எதுவும் கூடாது. பின் விளக்கின் ரப்பர், கூரைக் கம்பியின் அடிப்பகுதி, ஆன்டெனா வழியாகத் தண்ணீர் இறங்கி அங்கேதான் தேங்கும். அதே குழியின் தகடு சுருங்கியோ தகடுகளின் இணைப்பை அடைக்கும் பூச்சு கோணலாகவோ இருந்தால் பின்னால் இடி வாங்கிய கார்.

பின் கதவும் கூரையும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதற்குள் ஓடும் வயர்கள் ஆயிரக்கணக்கான முறை மடங்கி விரிந்து விரிந்து அறுந்துபோகும். வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, கண்ணாடிச் சூடேற்றி, பின் கேமரா, கதவுப் பூட்டு என ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். ஒன்று விட்டுவிட்டு வேலை செய்தால் பழுது அங்கேதான். கதவைப் பாதியில் விட்டுப் பாருங்கள். தலையில் இறங்கினால் கதவைத் தாங்கும் காற்றுத் தண்டு போய்விட்டது. மலிவான வேலைதான், பேரத்துக்கு உதவும்.

மற்றவை எல்லாக் காருக்கும் பொது. எஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கிறது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம். நான்கு சக்கர இழுவையுள்ள கார் என்றால் நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். காரின் கோளாறுப் பதிவைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்று கையடக்கத்தில் கிடைக்கும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பது போதாது. காரின் கணினி செய்யும் சுயசோதனைகள் பலவும் 'இன்னும் முடிக்கப்படவில்லை' என்று காட்டினால் கோளாறுப் பதிவை யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். எது என்று கேளுங்கள். 17 எழுத்து-எண் கொண்ட வாகன அடையாள எண்ணை (நம்பர் பிளேட் எண் அல்ல) நிறுவனத்திடம் கொடுத்து ரீகால் (பழுதைச் சரிசெய்ய நிறுவனமே திரும்ப அழைப்பது) நிலுவை உண்டா என்று விசாரியுங்கள். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் தொட்ட தகாட்டா நிறுவனத்தின் பழுதான ஏர்பேக் விவகாரத்தில் மாற்றப்படாத வண்டிகள் பழைய சந்தையில் சுற்றலாம். கடைசியாக ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், உங்கள் மெக்கானிக்கை.

கேள்வி: ஐந்து வருடத்தில் 1,80,000 கிலோமீட்டர் ஓடிய ஒன்று, பத்து வருடத்தில் 60,000 மட்டுமே ஓடிய ஒன்று. இரண்டும் டீசல், ஒரே விலை.

பதில்: ரசீதுகள் முழுமையாக இருந்தால் முதலாவது. நெடுஞ்சாலையில் ஓடிய கிலோமீட்டர் எஞ்சினுக்குச் சுகமான கிலோமீட்டர். பத்து வருடத்தில் 60,000 ஓடிய டீசல், பள்ளிக்கும் கடைக்கும் ஓடிய டீசல். அதன் புகை வடிகட்டி (டிபிஎஃப்) தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வெப்பமும் நேரமும் வேண்டும். ஐந்து நிமிடப் பயணத்தில் அது நடக்காது. ரப்பர், பெல்ட், பிரேக் திரவம் ஓடாமலே மூப்படையும். டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கெடு போலவே வருடக் கெடுவும் உண்டு. நீங்களும் ஊருக்குள்தான் ஓட்டுவீர்கள் என்றால் இரண்டுமே வேண்டாம், பெட்ரோலோ ஹைப்ரிட்டோ பாருங்கள்.

கேள்வி: ஐந்து பேர், நாய், டிக்கி நிறையச் சாமான், கூரைப் பெட்டி. தாங்குமா?

பதில்: இடம் இருப்பதெல்லாம் எடைக்கு அனுமதி இல்லை. ஆவணத்திலுள்ள மொத்த அனுமதி எடையிலிருந்து வெறும் கார் எடையைக் கழியுங்கள். 1,950இல் 1,400 போனால் 550 கிலோ. ஐந்து பெரியவர்களே 375ஐத் தின்றுவிடுவார்கள். (சில ஆவணங்களில் ஓட்டுநரின் 75 கிலோ வெறும் எடையிலேயே சேர்ந்திருக்கும்.) கூரைக்குத் தனி வரம்பு, பல கார்களில் 75 கிலோதான், பெட்டியின் எடையும் அதற்குள். முழுச்சுமைக்கான டயர் காற்றழுத்தம் ஓட்டுநர் கதவோரமோ பெட்ரோல் மூடியின் உட்புறமோ ஒட்டியிருக்கும். நாயையும் பெட்டிகளையும் பின் இருக்கையிலிருந்து பிரிக்கும் வலை கட்டாயம்.

கேள்வி: டிக்கியை மூடும் இழுதிரையும் அந்த வலையும் காரில் இல்லை. 'வீட்டில் எங்கோ இருக்கிறது, பிறகு தருகிறேன்' என்கிறார் விற்பவர்.

பதில்: எஸ்டேட் விற்கிற எல்லோர் வீட்டிலும் அது எங்கோ இருக்கிறது. புதிதாக வாங்கினால் இரண்டும் சேர்ந்து நல்ல டயர் ஒன்றின் விலையைத் தாண்டும். தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், மாட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.