எண்ணெய் உறையும், பறை தளரும்: மலைமேடைக் கேள்வி பதில்

கல்லூரி நாடக விழாக்கள் நெருங்குகின்றன. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் மேடைகளைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் முழுக்க மலைமேடைக்கே.

எங்கள் குழு கோவையிலிருந்து ஊட்டி விழாவுக்குப் போகிறது. தெருக்கூத்து பாணியில் ஓரங்க நாடகம். இங்கே ஒத்திகையில் சரியாக 28 நிமிடம் வருகிறது. 30 நிமிடம் அனுமதி. போதும்தானே?
– ஒரு மாணவர், கோவை

போதாது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரை ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சும்மா நின்று பேசுகிறவருக்கு இது தெரியாது. அடவு போட்டு, கிறுக்கி (வேகச் சுழற்சி) சுற்றி, அந்த மூச்சோடு பாட்டை எடுக்கிறவருக்குப் பாட்டின் இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிடும். அடிக்கு அடி மூச்சு வாங்க நிற்பதில் மொத்தம் இரண்டு மூன்று நிமிடம் கரையும்.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பின் இளைஞர் விழா விதியில் ஓரங்க நாடகத்துக்கு 30 நிமிடம், நடிகர்கள் அதிகபட்சம் 9 பேர், பின்னணிக்கு 3 பேர். நேரம் ‘வெற்று மேடையிலிருந்து வெற்று மேடை வரை’ கணக்கு. பெரும்பாலான கல்லூரி விழாக்கள் இதையே தழுவிக்கொள்கின்றன. கோவையில் 25 நிமிடத்துக்குள் முடிகிற மாதிரி வெட்டுங்கள். வெட்ட மனமில்லாத இடத்தில் பின்பாட்டுக்காரர்களிடம் பாட்டின் அடியைக் கொடுங்கள். கட்டியக்காரனோ (கூத்தின் கோமாளி) ராஜாவோ முதல் அடியை எடுத்தால் போதும், மீதியைப் பின்பாட்டு ஏந்தும். கூத்தின் வழக்கமே அதுதான் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் நாள் மாலையே போய்ச் சேருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, மதியம் மேடையேறிய குழுக்களின் நாடகம் எப்படியிருக்கும் என்று நடுவர்களைக் கேட்டால் சொல்வார்கள். குரலுக்கு வெந்நீர் போதும். ரூம் ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்து கதகதப்பாவது தொண்டையை உலர்த்தும். ஸ்வெட்டரைக் கழற்றுவது பிரவேசத்துக்கு ஒரு நிமிடம் முன்பு மட்டும்.

போன வருடம் நாடகம் பாதியில் இருக்கும்போது மேடை விளக்குகள் அணைந்தன. காலை ஒத்திகையில் ஒன்றும் ஆகவில்லை. லைட்காரர் அரங்கத்தைக் குறை சொன்னார், அரங்கத்தார் லைட்காரரைக் குறை சொன்னார்கள். உண்மையில் யார் தவறு?
– நாடகக் குழுப் பொறுப்பாசிரியை, குன்னூர்

பெரும்பாலும் தவறு ஒப்பனை அறையில் இருந்திருக்கும். கணக்கைப் பாருங்கள். மேடையில் வழக்கமாகத் தொங்கும் பார்-64 வகை ஹாலஜன் விளக்கு ஒன்று 1000 வாட். 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 4.3 ஆம்பியர். மூன்று விளக்கு 13 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. (சுமை மீறினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) தாங்கும். காலை ஒத்திகையில் அவ்வளவுதான் ஓடியிருக்கும். மாலையில் குளிர் தாங்காமல் ஒப்பனை அறையில் யாரோ 2000 வாட் ஹீட்டரைச் செருகுகிறார்கள். அது 8.7 ஆம்பியர். இரண்டும் ஒரே லைனில் இருந்தால் 21.7. எம்.சி.பி. இந்த அளவுக்கு உடனே விழாது. உள்ளே உள்ள உலோகப் பட்டை சூடேறி வளையச் சில நிமிடங்கள் எடுக்கும். அதனால்தான் தொடக்கத்தில் இல்லாமல் பாதியில் அணைகிறது.

சுவரில் நான்கு 15 ஆம்பியர் பிளக் இருப்பதால் நான்கு லைன் என்று நினைக்க வேண்டாம். பழைய அரங்குகளில் நான்கும் ஒரே எம்.சி.பி.யில் தொங்குவது சாதாரணம். மேஜை விளக்கு ஒன்றை ஒவ்வொரு பிளக்கிலும் செருகி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, எந்தப் பிளக் எதில் என்று சாக்பீஸால் எழுதிவையுங்கள். பத்து நிமிட வேலை. ஹீட்டரும் கெட்டிலும் இருக்கும் லைனை மேடைக்குத் தொடவே தொடாதீர்கள். நீட்டிப்பு வயர் 2.5 சதுர மி.மீ. செம்பாக இருக்கட்டும். சுருளை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருண்ட நிலையில் முழுச் சுமை ஏற்றினால் உள்சுற்று சூடாகி உறை உருகும்.

எட்டு ஹாலஜன் கேட்பதைவிட ஆறு எல்.இ.டி. பாரும் இரண்டு ஹாலஜனும் கேளுங்கள். ‘54×3’ என்று வாடகைக்குக் கிடைக்கும் எல்.இ.டி. ஒன்று சுமார் 150 வாட்தான். ஆறும் சேர்ந்து 4 ஆம்பியர். ஹாலஜன் இரண்டையும் முன்னாலிருந்து, ஏறக்குறைய 45 பாகை உயரத்தில், இரு பக்கமாக முகத்துக்கு வையுங்கள். மலிவு எல்.இ.டி.யின் வெள்ளையில் தோல் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். இன்னொன்று: மாலையில் மின்னழுத்தம் 200க்கு இறங்கினால் ஹாலஜனின் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து செம்மஞ்சளாகும். எல்.இ.டி. அசையாது. மாலையில் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு ஒளி அமைப்பை முடிவு செய்யுங்கள்.

மஞ்சு அரங்குக்குள் வந்தால் முன் விளக்கைக் கூட்டாதீர்கள். மலைப்பாதையில் பனிமூட்டத்துக்குள் ஹை-பீம் போட்ட கதைதான், எதிரே வெள்ளைத் திரை எழும். முன் விளக்கைக் குறைத்து, பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் கொடுங்கள். உருவம் வெட்டினாற்போல் நிற்கும். மலைக்கு வந்து புகை மெஷினுக்கு வாடகை கொடுப்பவர்களைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

பறை கல்லூரியில் கணீரென்று ஒலித்தது. கொடைக்கானலில் தொப்பென்று விழுந்தது. மேடைக்கு அருகில் தீ மூட்ட அனுமதி இல்லை. என்ன செய்வது?
– மாணவர்கள் இருவர், திண்டுக்கல்

தோல் ஈரக்காற்றை உறிஞ்சித் தளர்கிறது. வெளியே வைக்கோல் தீயில் காய்ச்சிக் கொண்டுவந்தாலும் நாடகம் பாதி வருமுன் இறங்கிவிடும். பக்கத் திரைக்குப் பின்னால் கம்பிச் சுருள் ஹீட்டர் ஒன்று வைத்து, ஒரு முழம் தள்ளி, பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். (அந்த ஹீட்டருக்கும் தனி லைன். மேலே உள்ள பதிலைப் படிக்கவும்.) ஒரே இடத்தில் காட்டினால் தோல் பிளக்கும். இரண்டு பறை வைத்துக்கொண்டு, ஒன்று ஒலிக்கையில் மற்றொன்று காயட்டும். ஃபைபர் பறை தளராது, ஆனால் அந்த ஒலியில் உடம்பு இல்லை. மாற்றாக மட்டும் எடுத்துப் போங்கள்.

மிருதங்கத்தை ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே கூடாது, கரணை (தோல் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு) வெடிக்கும். கம்பளியில் சுற்றி வையுங்கள். புல்லாங்குழல் குளிரில் சுருதி இறங்கும். 30 பாகை செல்சியஸில் சேர்த்த குழல் 12 பாகையில் அரைக் கட்டையில் பாதி வரை தாழலாம். ஹார்மோனியம் அப்படி இறங்காது. இரண்டும் சேர்ந்து வாசிப்பதானால் சுருதி பார்ப்பது அரங்கத்துக்குள், குழலை ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு.

அரிதாரம் முகத்தில் திட்டுத் திட்டாக நிற்கிறது. மீசை ஒட்டவே மாட்டேன் என்கிறது.
– ஒப்பனைப் பொறுப்பு மாணவி, கோத்தகிரி

தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். உங்கள் ஊரில் மாலை ஐந்து மணிக்கு அது நெய்க்கட்டிதான். எண்ணெய்ப் புட்டியையும் குழைத்த கிண்ணத்தையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். எண்ணெயைக் குறைத்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மெல்லிய பூச்சாக இரண்டு தடவை. மேலே பவுடர். கலைக்கும்போதும் இதே கதை. உறைந்த எண்ணெயால் அழுத்தித் தேய்த்தால் கன்னம் புண்ணாகும்.

ஸ்பிரிட் கம், அதாவது மீசை ஒட்டும் பசை, அதிலுள்ள சாராயம் ஆவியாவதால் ஒட்டுவது. குளிரிலும் ஈரத்திலும் ஆவியாக இரட்டிப்பு நேரம் பிடிக்கும். மேலுதட்டை உலரத் துடைத்து, பூசி, விரலால் தட்டினால் நூல் இழுக்கும்வரை காத்திருந்து பிறகு மீசையை வையுங்கள். அவசரப்பட்டால் மூச்சின் ஈரத்திலேயே முதல் வசனத்தில் தொங்கும்.

மூன்று எட்டடித் தட்டிகள் கொண்ட காட்சி அமைப்பு. பஸ்ஸின் கூரையில் கட்டி ஏற்றலாமா?
– ஒரு மாணவர், மதுரை

வேண்டாம். எட்டடித் தட்டி காற்றைப் பிடிக்கும், ஈரமும் ஏறும். ஆறடிக்கு மூன்றடியாகக் குறைத்து, ரீப்பர் சட்டத்தில் காடாத் துணி இழுத்து, கீல் போட்டு மடக்குகிற மாதிரி செய்து பஸ்ஸுக்குள் வையுங்கள். நான்கு மூலையிலும் பிளைவுட் முக்கோணம் அடியுங்கள். ஈரத்தில் துணி இறுகிச் சட்டத்தைக் கோணலாக்கும். வண்ணம் மதுரையிலேயே அடித்து, இரண்டு நாள் காயவிட்டு ஏற்றுங்கள். மலையில் அடித்த டிஸ்டெம்பர் மறுநாளும் கையில் ஒட்டும். முட்டுக்கட்டைக்கு மணல் சுமக்க வேண்டாம். காலிச் சாக்கைக் கொண்டுபோய் அங்கே ஜல்லி கேட்டு, பத்துக் கிலோ வீதம் நிரப்புங்கள்.

தனி வண்டி என்றால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) உண்டு. அரசுப் பேருந்தில் வருவோருக்கு அது வேண்டாம். ஊர்வலக் காட்சிக்குத் துணிக்கொடியோ காகிதக் கொடியோ போதும். பிளாஸ்டிக் கொடி 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை.

பழைய நாடகங்களை அனுமதி கேட்காமல் போடலாமா?
– தமிழ்த்துறை மாணவி, ஊட்டி

ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922, தடையில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார், ஆகவே 2025 ஜனவரி 1 முதல் அவர் நாடகங்களும் பொதுவுடைமை. ந. முத்துசாமி மறைந்தது 2018. அவர் நாடகங்களுக்கு அனுமதி கேட்கத்தான் வேண்டும். ஷேக்ஸ்பியருக்கு உரிமை கிடையாது, ஆனால் நீங்கள் கையில் வைத்திருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புக்கு இருக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, கல்லூரிக்குள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் முன்னால் நடிப்பதற்கு விலக்கு தருகிறது. வெளியாரும் வரும் விழாவுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

எங்கள் நாடகத்தில் தோடர் பாத்திரம் வருகிறது. அவர்களுடைய பூத்தையல் போர்வையான பூத்துக்குளிக்குப் பதில் சிவப்பு, கறுப்பு பெயின்ட் அடித்த துப்பட்டா போதுமா?
– ஒரு மாணவி, குன்னூர்

போதாது. போடவும் வேண்டாம். பூத்துக்குளி 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூத்தையல் என்பது இருக்கட்டும். இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் அதில்தான். உங்கள் கல்லூரியிலேயே தோடர் மாணவர் இருக்கலாம். முதலில் அவர்களிடம் வசனத்தைப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பாத்திரமே மாறக்கூடும், ஆடை அப்புறம். வெள்ளைப் போர்வை ஒன்றே மேடைக்குப் போதுமானது.

அரங்கத்துக்குத் தகரக் கூரை. மழை வந்தால் வசனம் கேட்காதே?
– விழாக் குழு, கூடலூர்

கேட்காது. மைக்கைக் கூட்டினால் அது வீறிடும், அவ்வளவுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் ஊரில் விழாவே வைக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச் பாருங்கள். அப்படியும் மழை பிடித்துக்கொண்டால் அட்டவணையை மாற்றி மௌன நாடகப் போட்டியை முன்னால் இழுங்கள்.