கேள்வி பதில்: வகுப்பில் நடிக்கட்டும், ஆனால் யார் யாராக?

மும்பைத் தமிழ் ஆசிரியர்கள், பெற்றோரின் கேள்விகளுக்குப் பள்ளி நாடகப் பயிற்சியாளர் ஒருவரின் பதில்கள்.

தாராவியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். திக்கிப் பேசும் மாணவனை மற்றவர்கள் அவனைப் போலவே பேசிக் கேலி செய்கிறார்கள். இதையே நடிக்க வைக்கலாமா?

இதையே வேண்டாம், டீச்சர். கேலிக்கு நீங்களே மேடை போட்டுக் கொடுத்ததாகிவிடும். காட்சியை மாற்றுங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த பையன் தாதர் ஸ்டேஷனில் மராத்தியில் டிக்கெட் கேட்கத் தடுமாறுகிறான். வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். திக்கிப் பேசும் மாணவனைத் தடுமாறுபவனாக மட்டும் நிறுத்தாதீர்கள். விருப்பமிருந்தால் டிக்கெட் கொடுப்பவராக இருக்கட்டும்.

இங்கே முக்கியமான பாத்திரம் வேறு. வரிசையில் சிரிக்காமல் நிற்கிறானே, அவன்தான். பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த முறை இதற்குப் பொருந்தும். காட்சி முதலில் மோசமாகவே முடியும். இரண்டாம் முறை நடிக்கும்போது, பார்ப்பவர் 'நிறுத்து' என்று சொல்லி, உள்ளே வந்து வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். முதலில் வருபவன் 'சிரிக்காதே' என்று கத்துவான்; சிரிப்பு இன்னும் பெருகும். பெருகட்டும், நீங்கள் குறுக்கிடாதீர்கள். யாராவது ஒருத்தி பையனின் பக்கத்தில் போய் நின்று 'எந்த ஸ்டேஷனுக்கு?' என்று சாதாரணமாகக் கேட்பாள். வரிசையில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் சிரிக்க வராது. ஏன் வரவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள். வசனம் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பிப்பதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

கேலி செய்பவனாக நடித்த பையனுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. என்ன செய்வது?

வகுப்பில் யாருக்கும் இல்லாத பெயரைப் பாத்திரத்துக்கு வையுங்கள். நடிக்கும்போது ஒரு தொப்பி கொடுங்கள். முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தன் சொந்தப் பெயரையும் தனக்குப் பிடித்த தின்பண்டத்தையும் அவன் சொல்லட்டும். 'வடாபாவ்' என்றதும் வில்லன் போய்விடுவான்.

1968இல் அமெரிக்க ஆசிரியை ஜேன் எலியட் கண் நிறத்தை வைத்து மாணவர்களைப் பிரித்தாராமே. அதைச் செய்யலாமா?

கூடாது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதை அடுத்து, நிறப் பாகுபாடு எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்கு உணர்த்த, அயோவாவில் மூன்றாம் வகுப்பில் அவர் செய்தது அது. ஒரு நிறக் கண்ணுடையவர்களே உயர்ந்தவர்கள் என்று ஆசிரியையே சொல்ல, பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். அதற்குப் பெயர் நடிப்பு அல்ல. சாதியும் மொழியும் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும் வகுப்பில் நாம் இன்னொரு கோடு கிழிக்க வேண்டாம்.

பாடம் முடிக்கவே நேரமில்லையே?

அரைப் பாடவேளை போதும். நடிப்புக்கு ஐந்து நிமிடம், மீதி பேச்சுக்கு. பேச்சை வெட்டினால் வெறும் கூத்துதான் மிஞ்சும்.

செம்பூரிலிருந்து ஒரு தாய்: பள்ளியில் என்ன நடக்கிறது என்று மகள் வாய் திறப்பதில்லை. வீட்டில் நடித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் மகளாக நீங்கள் நடியுங்கள். தோழியாக அவள் நடிக்கட்டும். நேரில் கேட்டால் சொல்லாததெல்லாம் தோழியின் வசனமாக வந்துவிடும். போதும் என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். மறுநாளே பள்ளிக்குப் படையெடுக்காதீர்கள், அம்மா. வகுப்பாசிரியரிடம் எதைச் சொல்லலாம் என்று முதலில் மகளிடம் கேளுங்கள்.