பழைய டிஎல்எஸ்ஸை சர்வரில் என்ன செய்வது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சார், எங்கள் சர்வரில் டிஎல்எஸ் 1.0 இன்னும் திறந்தே கிடக்கிறது. மூடினால் பழைய கஸ்டமர் யாராவது கத்துவார்களோ?

மூடத்தான் வேண்டும், ஆனால் இன்றிரவே வேண்டாம். டிஎல்எஸ் என்பது சர்வருக்கும் கிளையன்டுக்கும் (அதோடு இணையும் பிரவுசர், ஆப் போன்றவை) நடுவே போவதை மறையாக்கும் முறை; அதன் 1.0 பதிப்பு 1999-இல் வந்த சரக்கு. 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சிலேயே இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் ஒதுக்கிவிட்டது. முதலில் ஒவ்வொரு இணைப்பும் எந்தப் பதிப்பில் முடிகிறது என்று லாகில் விழட்டும். உங்கள் வெப் சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் லாக் ஃபார்மட்டில் எஸ்எஸ்எல்_புரோட்டோகால் வேரியபிளைச் சேர்த்தால் போதும். மாதக் கடைசி ஒன்றாவது கடந்து போகட்டும். நான் ஒருமுறை இப்படிக் காத்திருந்தபோது, பழைய ஜாவா 7-இல் மாதம் ஒரு ராத்திரி மட்டும் ஓடும் பில்லிங் வேலை ஒன்று மாட்டியது. மனுஷர் யாருமே இல்லை!

கேள்வி: கிளையன்ட் அனுப்பும் முதல் செய்தியான கிளையன்ட் ஹலோவில் வெர்ஷன் 03 03 (1.2-இன் எண்) என்றே வருகிறது. அதை வைத்து 1.2 என்று கோடில் பிரிக்கிறேன். சரிதானே அண்ணா?

இல்லை தம்பி. தனக்குத் தெரியாத பெரிய எண்ணைப் பார்த்தால், சர்வர் தன்னால் முடிந்த பதிப்பைச் சொல்லி இறங்கிப் பேச வேண்டும். பல பழைய சர்வர்கள் அப்படிச் செய்யாமல் இணைப்பையே அறுத்தன. அதனால் 2018-இல் 1.3 வந்தபோது அந்த இடத்தை 03 03 என்றே நிறுத்திவிட்டு, உண்மையான பட்டியலை 'சப்போர்ட்டட் வெர்ஷன்ஸ்' எக்ஸ்டென்ஷனுக்குள் வைத்தார்கள். அது இருந்தால் அதை மட்டும் படியுங்கள். அதில் புரியாத எண் வந்தால் தாண்டிப் போங்கள். குரோம் வேண்டுமென்றே குப்பை எண் ஒன்றைக் கலந்து அனுப்பும், உங்களைப் போன்றவர்களைச் சோதிக்கத்தான்.

கேள்வி: 1.3 தெரிந்த சர்வர் 1.2-க்கு இறங்கும்போது கூடுதலாக ஏதாவது செய்ய வேண்டுமா?

சர்வர் தன் பதில் ஹலோவில் அனுப்பும் 32 பைட் ரேண்டம் எண்ணின் கடைசி 8 பைட்டில் ஒரு குறி வைக்க வேண்டும். 1.2 என்றால் அது 01-இல் முடியும், அதற்கும் கீழே என்றால் 00. இரண்டு பக்கமும் 1.3 தெரிந்திருந்தும் குறி வந்தால், நடுவில் எவனோ கை வைத்திருக்கிறான் என்று கிளையன்ட் விலகிவிடும். டிஎல்எஸ் வேலையைச் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரி இதைத் தானே செய்துவிடும்.

கேள்வி: டிஎல்எஸ்ஸுக்கு முன்பிருந்த எஸ்எஸ்எல் 3?

2014-இல் பூடில் என்ற தாக்குதல் வந்ததோடு அதன் கதை முடிந்தது. அடுத்த கேள்வி.

கேள்வி: மூடியாச்சு. என் லேப்டாப்பிலிருந்து 1.0-இல் தட்டிப் பார்த்தேன், எரர் வந்தது. டிக்கெட்டை க்ளோஸ் பண்ணலாமா?

பொறுங்கள். லேப்டாப்பில் இருப்பது ஓபன்எஸ்எஸ்எல் 3 என்றால், மறுத்தது அதுவாகவே இருக்கலாம். செக்யூரிட்டி லெவலை 0-க்கு இறக்காதவரை 1.0 ஹலோ வெளியிலேயே போகாது. இறக்கிவிட்டு மறுபடி தட்டுங்கள். சர்வரிடமிருந்து அலர்ட் 70 ('இந்தப் பதிப்பு ஆகாது' என்ற மறுப்பு) வந்தால் க்ளோஸ் பண்ணுங்கள்.