‘ஜோடி’ கிளவுன் மீனுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: என் கடல்நீர்த் தொட்டி 120 லிட்டர். கொளத்தூரில் ஒரு கடையில் இரண்டு ஒசெல்லாரிஸ் கிளவுன் மீன்களை ‘பிரீடிங் பேர்’ (முட்டையிடும் ஜோடி) என்று சொல்லி, தனித்தனியாக வாங்குவதைவிட மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். இரண்டும் ஒரே அளவில், நல்ல பெரிதாக இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் பெரிதாக, ஒரே அளவில் இருப்பதே சந்தேகத்துக்கு இடம் தருகிறது. கிளவுன் மீன் முதலில் ஆணாக முதிர்கிறது. கூட்டத்தில் பெரியதாகி ஆதிக்கம் பெறுவது பெண்ணாக மாறும். பெண்ணானது மறுபடி ஆணாகாது. அதனால் உண்மையான ஜோடியில் பெண் பார்த்தவுடன் தெரியும்படி பெரிதாக இருக்கும். தனித்தனியாக வளர்ந்த இரண்டு பெரிய மீன்களும் பெண்ணாக இருந்துவிட்டால், ஒன்று மற்றதைக் கடித்தே கொன்றுவிடும்.

கடையிலேயே கால் மணி நேரம் நின்று பாருங்கள். சிறியது பெரியதன் முன் உடலைச் சாய்த்து வெடவெடவென நடுங்கிக் காட்டினால் அது பணிவின் அடையாளம், ஜோடி சேர்ந்திருக்கிறது. ஆனால் ஜோடி சேர்வது வேறு, முட்டையிடுவது வேறு. ‘பிரீடிங்’ என்று விலை கேட்டால், அந்த மீன்கள் முட்டையைக் காக்கும் வீடியோவைக் கேளுங்கள். பில்லில் ‘முட்டையிட்ட ஜோடி’ என்று எழுதி வாங்குங்கள். பின்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய நேர்ந்தால் அந்த வரிதான் கைகொடுக்கும். எழுதித் தர மறுத்தால், கூடுதல் விலைக்கு அங்கே பொருளே இல்லை.

எங்கள் பரிந்துரை: பண்ணையில் பொரித்த குஞ்சுகளில் இரண்டு, ஒன்று 3 செ.மீ., மற்றது 4 செ.மீ. அளவில். ஒரே நாளில் தொட்டியில் விடுங்கள். பெரியது பெண்ணாகும். முட்டைக்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை பொறுக்க வேண்டும். கடலில் பிடித்த மீன் விலை குறைவாக இருந்தாலும் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி போன்ற நோய்களோடு வரும் வாய்ப்பு அதிகம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் கிளவுன் மீன் குஞ்சு பொரிப்பு முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணைக் குஞ்சு நம் நாட்டிலேயே கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஜோடி நன்றாகத்தான் இருக்கிறது, முட்டையிடவில்லை. அனிமோன் (கிளவுன் மீன் கடலில் ஒதுங்கி வாழும், பூப்போன்ற உயிரி) வாங்கி வைத்தால்தான் இடும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: அனிமோன் இல்லாமலே முட்டையிடும். அனிமோனுக்கு வலுவான விளக்கும் நன்றாகப் பழகிய தண்ணீரும் வேண்டும். அது செத்தால் தொட்டியையே கெடுத்துவிடும். அதற்குப் பதில், வண்ணம் பூசாத சிறிய மண் பூந்தொட்டி ஒன்றைக் கழுவி, மீன்கள் இரவில் ஒதுங்கும் மூலையில் படுக்க வையுங்கள். வைத்தபின் இடம் மாற்றாதீர்கள்.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் உணவு. காய்ந்த குருணைத் தீவனம் மட்டும் தின்னும் பெண்ணுக்கு முட்டை திரள்வது கடினம். உப்புப் போடாத பச்சை இறால், கணவாய், மட்டி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி உறையவைத்து, நாளைக்கு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மீந்ததை எடுத்துவிட்டு, வாரம் 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். வெப்பம் 26 முதல் 28 டிகிரி. சென்னை மே மாதத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் இது நடக்காது. விளக்குக்கு டைமர் போட்டு 12 மணி நேரம். உப்படர்த்தி 1.025. ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும்.

இரண்டும் வாயால் பூந்தொட்டியைத் துடைக்க ஆரம்பித்து, பெண்ணின் வயிற்றடியில் வெள்ளைக் குழாய் தெரிந்தால் முட்டை வரப்போகிறது. முதல் சில ஈடுகளைத் தின்றுவிடும். கவலைப்படாதீர்கள், இரண்டு வாரத்துக்கொரு முறை இட்டுக்கொண்டே இருக்கும்.

கேள்வி: தொட்டிக்கு ராமேசுவரம் பக்கத்திலிருந்து ‘லைவ் ராக்’ (கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் வாழும் பவளக்கல்) மலிவாகத் தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். பவளக்கல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கிறது, வைத்திருப்பதே குற்றம். அதற்குப் பதில், நுண்ணுயிர்கள் குடியேற நுண்துளையுள்ள செராமிக் மீடியா போதும்.

கேள்வி: முட்டை பொரிந்தது. ஆர்ட்டீமியா (மீன் குஞ்சுக்குப் போடும் நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சு) போட்டேன், மூன்று நாளில் எல்லாம் செத்துவிட்டன.

பதில்: ஆர்ட்டீமியா அந்த வாய்க்குப் பெரியது; உணவு கண்ணெதிரே இருந்தும் குஞ்சுகள் பட்டினியால் செத்திருக்கின்றன. முதல் வாரத்துக்கு அதைவிடச் சிறிய நுண்ணுயிரியான ரோட்டிஃபர்தான் வேண்டும். அதை முட்டை வந்தபின் தேடினால் நேரம் போதாது. இரண்டு மூன்று வாரம் முன்பே நானோகுளோராப்சிஸ் பாசி கொடுத்து வாளியில் பெருக்கி வையுங்கள்.

முட்டை 7 முதல் 10 நாளில் பொரியும். ஆரஞ்சு நிறம் கறுத்து, கண்கள் வெள்ளிபோல் மின்னினால் அன்றிரவோ மறுநாள் இரவோ, விளக்கணைத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளிவரும். பம்பை நிறுத்தி, ஒரு மூலையில் டார்ச் அடித்தால் குஞ்சுகள் அங்கே கூடும். வலை வேண்டாம், காற்றுப் பட்டாலே சாகும். கோப்பையால் தண்ணீரோடு முகந்து எடுங்கள். 20 லிட்டர் தொட்டியில், பக்கங்களில் கறுப்புத் தாள் ஒட்டி, அதே தண்ணீரை ஊற்றி, ஏர் ஸ்டோன் (காற்றை நுண்குமிழிகளாக்கும் கல்) போடாமல் வெறும் குழாயில் நொடிக்கு ஒரு குமிழி விடுங்கள். தண்ணீர் இளம்பச்சையாகத் தெரியும் அளவுக்குப் பாசியும், மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபரும் எப்போதும் இருக்க வேண்டும். அம்மோனியாவைத் தினமும் சோதியுங்கள். ரோட்டிஃபர் பற்றாக்குறைக்கு அடுத்து குஞ்சைக் கொல்வது அதுதான். ஏழாம் நாளிலிருந்து அப்போதே பொரித்த ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். வெள்ளைப் பட்டை தெரிந்து குஞ்சுகள் அடிப்பக்கம் இறங்கிய பிறகு ரோட்டிஃபரை நிறுத்தலாம்.