55 தங்கக் கார்டு 299 ரூபாயா? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. வகுப்பில் எல்லோரும் போக்கிமான் கார்டு வைத்திருக்கிறார்கள் என்று தினமும் நச்சரிக்கிறான். இணையத்தில் ‘பேட்டில் அகாடமி’ என்ற தொடக்கப் பெட்டிக்கு 2,900 ரூபாய் கேட்கிறார்கள். பக்கத்துக் கடையில் 55 தங்கக் கார்டுகள் 299 ரூபாய்தான். எதை வாங்குவது? பெட்டியை விற்பவர் ‘பிரிக்காமல் வைத்தால் விலை ஏறும்’ என்கிறார். அது உண்மையா? – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: பையன் விளையாடப்போகிறான் என்றால் பெட்டியை வாங்கலாம். விலை ஏறும் என்று நம்பி வாங்குவதானால் வேண்டாம். 299 ரூபாய்ப் பாக்கெட்டை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்.

போக்கிமான் என்பது ஜப்பானியக் கார்ட்டூன் உயிரினங்களின் கார்டுகளை வைத்து இருவர் மோதும் விளையாட்டு. இதில் ஆளுக்கு 60 கார்டு கொண்ட ஒரு கட்டு வேண்டும். கையில் கிடைத்த 60 அல்ல, ஒன்றோடொன்று பொருந்தும் 60. இதை அறியாத பெற்றோர்கள் ‘பூஸ்டர்’ எனப்படும் சிறு பாக்கெட்டுகளை வாரம் ஒன்றாக வாங்கிக் கொடுக்கிறார்கள். ஒரு பாக்கெட்டில் சுமார் பத்துக் கார்டு இருக்கும். எவை என்பது பிரித்த பிறகுதான் தெரியும். பத்துப் பாக்கெட் பிரித்தாலும், சார்மெலியன் என்ற உயிரினத்தின் கார்டு இருக்கும், அதற்கு முன்னால் மேசையில் வைக்க வேண்டிய சார்மாண்டர் இருக்காது. குழந்தை படத்தைப் பார்த்துவிட்டு டப்பாவில் போட்டுவைக்கும். ஆட்டம் ஒருநாளும் தொடங்காது.

தொடக்கப் பெட்டியில் அந்தச் சங்கடம் இல்லை. நீங்கள் சொல்லும் பெட்டி 2020-இல் முதலில் வந்தது. அந்தப் பதிப்பில் பிகாச்சு, சாரிஸார்ட், மியூடூ என்ற உயிரினங்களின் பெயரில் மூன்று முழுக் கட்டுகள். கூடவே ஆடுபலகை, அடிபட்ட கணக்கை வைக்கும் வில்லைகள், சுண்டிவிட நாணயம், முதல் ஆட்டத்தைப் படிப்படியாகச் சொல்லித்தரும் கையேடு. பிந்தைய பதிப்புகளில் கட்டுகள் மாறின, அமைப்பு அதேதான். அண்ணன் தம்பி இருவர், அல்லது நீங்களும் அவனும், அன்று மாலையே உட்கார்ந்து ஆடிவிடலாம். கார்டில் உள்ள ஆங்கில வரிகளைப் படிக்க அவனுக்கு முதலில் உங்கள் துணை வேண்டியிருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தொடக்கப் பெட்டியில் குலுக்கல் இல்லை. ஒரு பதிப்பின் எல்லாப் பெட்டியிலும் அதே கார்டுகள்தான். ஆகவே ‘இந்தப் பெட்டியில் அபூர்வ சாரிஸார்ட் விழ வாய்ப்பிருக்கிறது’ என்று ஒருவர் கூடுதல் விலை கேட்டால், அவர் உங்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் பேசுகிறார்.

இனி அந்தத் தங்கப் பாக்கெட். பிரித்தால் இரண்டு பக்கமும் பளபளக்கும் பிளாஸ்டிக் தகடு. அசல் கார்டு அட்டை. ஆங்கிலக் கார்டின் பின்பக்கம் நீலமாக, நடுவில் போக்கிப் பந்து என்ற சிவப்பு-வெள்ளைப் பந்துடன் இருக்கும். ‘போக்கிமான்’ என்ற பெயரில் வரும் ஆங்கில ‘இ’ எழுத்தின் தலையில் சாய்ந்த சிறு கோடு இருக்கும். போலி அடிப்பவர்கள் பலமுறை அதை மறந்துவிடுகிறார்கள். விளிம்பை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள்: இரண்டு வெள்ளை அடுக்குக்கு நடுவே மயிரிழை போல ஒரு கருங்கோடு ஓடும். அந்தக் கருத்த அடுக்கு இருப்பதால்தான் கைபேசி டார்ச்சைப் பின்னால் பிடித்தாலும் ஒளி அதிகம் ஊடுருவாது. மட்டமான போலி, காகித விளக்குக் கூண்டு மாதிரி ஒளிரும்.

‘தங்கக் கார்டே கிடையாதா?’ என்று கடைக்காரர் உங்களை மடக்குவார். உண்டு. 1999-இல் அமெரிக்காவில் பர்கர் கிங் உணவகம் தங்க முலாம் பூசிய ஆறு வகைத் தகடுகளை விற்றது. 2021-இல் 25ஆம் ஆண்டு நிறைவுக்காக வந்த ஒரு விலையுயர்ந்த பெட்டியில் பிகாச்சுவும் சாரிஸார்டும் தங்க நிற உலோகத்தில் வந்தன. இவை போக, முன்பக்கம் முழுக்கத் தங்கமாக மின்னும் அசல் அட்டைக் கார்டுகளும் சில உண்டு. அவற்றுக்கும் பின்பக்கம் வழக்கமான நீலம்தான். உலோகத் தகடுகள் பார்த்து மகிழ மட்டுமே, போட்டியில் வைக்க முடியாது. இவற்றில் எதுவும் 55 சேர்ந்தாற்போல் ஒரு பாக்கெட்டில் வரவில்லை. கடைக்காரரிடம் இவ்வளவும் விவாதிக்க வேண்டியதில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வையுங்கள்.

பெட்டியை யாரிடம் வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இறக்குமதிப் பொருளின் உறையில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த நாடு, அதிகபட்ச விற்பனை விலை ஆகியவை அச்சிட்டோ ஒட்டியோ இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படிச் சொல்கின்றன. விற்பவரிடம் அந்த ஸ்டிக்கரின் படத்தைக் கேளுங்கள். ‘வெளிநாட்டிலிருந்து நேரே வருகிறது, ஸ்டிக்கர் எதற்கு’ என்பவரை விட்டு விலகுங்கள். வாட்ஸப் குழுவில் ‘முன்பணம் கட்டினால் அடுத்த மாதம் வரும்’ என்பவரையும் அப்படியே. பெட்டி வந்ததும் பிளாஸ்டிக் உறை சுருக்கமில்லாமல் ஒட்டியிருக்கிறதா, மூலையில் பசைத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல கார்டை உருவிக்கொண்டு மீண்டும் உறையிடுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

இணையச் சந்தைகளைப் பற்றிப் பேசினாலே எனக்குக் கோபம் வருகிறது. போலி என்று புகார் செய்தால் ‘நாங்கள் இடைநிலையாளர் மட்டுமே’ என்ற ஒரே பதில். அந்த விற்பனைப் பக்கத்தை நீக்கினாலும் மறுநாள் அதே படத்தோடு வேறு பெயரில் ஏறிவிடும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அந்தச் சந்தையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கே தீர்க்கிறார்கள்? பணம் போனால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவைத்திருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும்.

விலை ஏறுமா? எல்லோரிடமும் உள்ள அதே கார்டுகளை உங்களிடம் அதிக விலைக்கு வாங்க யார் வருவார்? 2021 இறுதியில் லோகன் பால் என்ற அமெரிக்கப் பிரபலம், முதல் பதிப்பு பூஸ்டர் பெட்டிகள் என்று சான்று பெற்ற, பிரிக்காத ஒரு பேழையை 35 லட்சம் டாலருக்கு வாங்கினார். பிரித்தபோது உள்ளே வேறொரு பொம்மை வரிசையின் கார்டுகள். ‘பிரிக்காமல் வைத்திருங்கள்’ என்று சொல்பவருக்கு, நீங்கள் பிரிக்காமல் இருப்பதில் என்ன லாபம் என்று யோசியுங்கள்.

பையன் பின்னாளில் அதிகாரபூர்வப் போட்டிக்குப் போக ஆசைப்பட்டால் இந்தப் பெட்டி போதாது. கார்டின் இடது கீழ் மூலையில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பழைய எழுத்துள்ள கார்டுகளை நிறுவனம் அவ்வப்போது முக்கியப் போட்டிகளிலிருந்து நீக்கும்; 2025 ஏப்ரலில் ‘எஃப்’ போனது. குழந்தை சேர்த்துவைத்ததை ஒரு அறிவிப்பில் ஒதுக்குவது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. வீட்டு மேசையில் எந்த எழுத்தும் ஓடும். போட்டிக்கு ‘லீக் பேட்டில் டெக்’ என்ற ஆயத்தக் கட்டைத் தனியாக விற்கிறார்கள். அப்போதும் வாங்குவதற்கு முன் எழுத்தைப் பாருங்கள்.

வாங்கியதும் ‘கிழியாமல் இருக்கட்டும்’ என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். தடித்துப்போய்க் கலைக்க வராது. 63×88 மில்லிமீட்டர் கார்டுக்கான பிளாஸ்டிக் உறை கேட்டால் கிடைக்கும். ஒரு கட்டுக்கு 60 வேண்டும், ஒன்றிரண்டு கிழியும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே வாங்குங்கள்.