நொச்சியா, உண்ணிச்செடியா?

கேள்வி: ஓடைக்கரைப் புதர் ஒன்றின் இலையைக் கசக்கினால் காரமான மணம். நொச்சிதானா?

பதில்: மணத்தை மட்டும் நம்பாதீர்கள், உண்ணிச்செடியும் கசக்கினால் மணக்கும். இளந்தண்டு நாற்கோணமாக இருப்பதும் இரண்டுக்கும் பொது. இலைதான் காட்டிக்கொடுக்கும். நொச்சியில் ஒரே காம்பின் நுனியில் 3 அல்லது 5 சிற்றிலைகள் விரல்போல் விரியும். அடிப்புறம் சாம்பல் வெள்ளை. ஒரே கிளையில் மூன்றும் ஐந்தும் கலந்திருக்கும் என்பதால் பத்து இலைகளையாவது பாருங்கள். நடுச் சிற்றிலைக்குச் சிறுகாம்பு இருக்கும். எல்லாமே மும்மூன்றாக, சிறுகாம்பின்றி இருந்தால் நொச்சியின் உறவுச்செடியான நீர்நொச்சியாகலாம். உண்ணிச்செடிக்குத் தனி இலை, தொட்டால் உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். பூ உருண்டைக் கொத்து. நொச்சிப் பூவோ கிளைநுனியில் நீண்ட கொத்தாக, நீலஊதா நிறத்தில் வரும். சங்கப் பாடல்களில் கோட்டை மதிலைக் காத்த வீரர் சூடியது இதைத்தான்.